பணக்கொடை

அரசாங்கம் எழுதுகிற தமிழை நம்மில் யாரும் படிப்பதில்லை. அது இலக்கியமில்லை என்பது நம் தீர்மானம். ஆகவே நம் கவனத்துக்குரியதும் இல்லை என்பது அந்தத் தீர்மானத்திலிருந்து நாமாக எடுத்துக்கொண்ட சௌகரியம். ஆனால் அந்தத் தமிழில் ஒரு சொல் பல காலமாகப் புழங்கிக்கொண்டிருக்கிறது. அது நம் வீட்டுச் சொல். புறநானூற்றைப் பற்றி மேடைதோறும் மூச்சுவிடாமல் பேசுகிறவர்கள் அதைக் கவனிக்காததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சொற்களுக்காகவே பத்திரிகை நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்கிற நாமும் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்பதுதான் உறுத்துகிறது.

அந்தச் சொல் ‘பணக்கொடை’.

இலங்கையிலிருந்து வந்து இங்கே முகாம்களில் வாழ்கிற தமிழர்களுக்கு மாதாமாதம் தரப்படும் தொகைக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் அது. 2021 ஆகஸ்ட் 27-ஆம் தேதி சட்டமன்றத்தில் 110-ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் படித்த அறிவிப்பில் இந்தக் கொடை உயர்த்தப்பட்டது. குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500. மற்றப் பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000. குழந்தைகளுக்கு 400-லிருந்து 500. கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு, கூட்டிப் பார்த்தால், மாதம் 3,500 ரூபாய். நாளொன்றுக்கு 117 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே அறிவிப்பில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231 கோடியே 54 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். வீடொன்றுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம். மொத்தத் திட்டம் 317 கோடியே 40 லட்சம். அன்றைக்கு அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்கிறவர்கள் மேலும் 34,087 பேர்.

தொகை போதாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போதாதுதான், அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒழுகாத கூரையை இழித்துப் பேசுகிற எண்ணமும் இல்லை. பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறை மழைக்காலங்களைக் கழித்தவர்களுக்கு ஒழுகாத கூரை என்ன என்பதை, மொட்டை மாடியில் உட்கார்ந்து மழையைப் பற்றி எழுதுகிற நாம் எடை போட முடியாது. என் சண்டை அந்தப் பெயரோடு. அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கிற ஒரு மனோபாவத்தோடு. அந்த மனோபாவத்துக்குத் தெரிந்தோ தெரியாமலோ நாமும் சொல் எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்பதால், நம்மோடும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே போகிற புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதற்கப்புறம் எளாவூர், ஆரம்பாக்கம், பிறகு ஆந்திரம். கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பு உருக்கும் ஆலைகள், அவற்றின் புகை. அந்த ஆலைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ரயிலிலிருந்து இறங்கி நேரே வேலைக்குப் போகிறார்கள். ஊர் பிடிக்காவிட்டால் இன்னொரு ஊர். அவர்கள் படும் பாடு தனிக்கதை. ஆனால் அவர்களை யாரும் நிற்கவைத்துத் தலை எண்ணுவதில்லை. அதே ஊரில் பெத்திக்குப்பத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1990-இல் ஏற்பட்டது. மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. இவர்கள் பேசுவது தமிழ். ஆண்களில் பலர் பெயிண்டர்கள். சென்னையில் நாம் குடியிருக்கிற அடுக்குமாடிகளில் சிலவற்றுக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டு நிறம் பூசியவர்கள் இவர்களாகவே இருக்கலாம். இவர்களுக்குத் தணிக்கை உண்டு. அதிகாரி வருகிற நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயர் வெட்டுப்படும். பெயர் வெட்டுப்பட்டால் கொடை நிற்கும். கொடை நிற்பதுகூடப் பெரிதில்லை. பதிவு போனால், இந்த நாட்டில் தான் இருப்பதற்கான ஒரே காகிதச் சாட்சியும் போய்விடும். வெளியூரில் ஒரு வாரத்துக்குக் கட்டட வேலை கிடைத்தால், கூலி எவ்வளவு என்பதற்கு முன்னால் தணிக்கை என்றைக்கு என்பதை யோசிக்க வேண்டும். ‘கியூ’ பிரிவுப் போலீஸ் என்று ஒன்று உண்டு என்பதைச் சென்னைவாசி தன் வாழ்நாளில் தெரிந்துகொள்ளாமலே செத்துப்போகலாம். முகாமில் பிறந்த குழந்தைக்கு அது தெரியும்.

இப்போது கொடைக்கு வருகிறேன்.

கொடை நம் பழைய இலக்கியத்தின் மையமான செயல்களில் ஒன்று. கொடுக்கிறவன் வள்ளல். வாங்குகிறவன் பாணன், பொருநன், கூத்தன், புலவன். கொடைக்கு இலக்கணமே அது கேட்டு வாங்க முடியாதது என்பதுதான். பாடலாம், வாயிலில் நிற்கலாம், நினைவூட்டலாம், கோபித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பிப் போகலாம். ஆனால் வழக்குப் போட முடியாது. தருவதும் மறுப்பதும் வள்ளலின் குணத்தைப் பற்றிய சேதி. வாங்குகிறவனின் உரிமையைப் பற்றியதில்லை. அதனால்தான் கொடையைப் பற்றிய பாட்டு எப்போதும் கொடுத்தவனைப் பற்றிய பாட்டாகவே முடிகிறது. இருந்தும் அந்தப் பாணனுக்கு ஒன்று இருந்தது. பரிசில் வாங்கிக்கொண்டு அவன் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது. வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு பாணனை ஆற்றுப்படுத்தினான். முகாமில் இருக்கிறவன் யாரை எங்கே ஆற்றுப்படுத்துவான்? வாயிலில் வந்து நின்றவனை வாயிலிலேயே 35 வருஷம் நிற்கவைத்து, மாதாமாதம் பரிசில் கொடுத்து, மாதாமாதம் தலை எண்ணுகிற வள்ளலை எந்தப் புலவனும் பாடியதாக எனக்குத் தெரியாது.

இது ஒரு குமாஸ்தா அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்த சொல், இதற்குப் போய் இத்தனை வியாக்கியானமா என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 மே மாதம் 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழர் மனு விசாரணைக்கு வந்தது. தண்டனை முடிந்தவர், திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்றவர். உலகத்திலிருந்து வருகிற அகதிகளையெல்லாம் ஏற்றுக்கொள்ள இந்த நாடு ஒரு தர்மசாலை இல்லை என்ற கருத்தை நீதிபதி வாய்மொழியாகச் சொன்னார். நம் ஊரில் எல்லோரும் கொதித்தார்கள். தமிழனைப் பார்த்துச் சத்திரமா என்று கேட்கிறார்களே என்று. எனக்கு அந்தக் கொதிப்பில் சேர முடியவில்லை. சத்திரம் என்று முதலில் சொன்னது நாம்தான். கொடை என்று சொல்கிறவன் சத்திரத்தைத்தான் சொல்கிறான். சத்திரத்தில் இடம் இருக்கிறது என்று சென்னை சொல்கிறது. இடம் இல்லை என்று டெல்லி சொல்கிறது. வந்தவன் வழிப்போக்கன் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

உதவி தர்மமாக இருக்கிற வரையில் அதை நிறுத்துவதும் தர்மகர்த்தாவின் இஷ்டம். இதை 1992-லிருந்து 1995 வரை நடந்த திருப்பி அனுப்பலில் பார்த்தோம். 1983 ஜூலைக்குப் பிறகு நான்கு அலைகளாக இங்கே வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. 1995 மார்ச் வரை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 99,469 பேர் என்பதும் அதே கணக்கு. ‘போனார்கள்’ என்பதற்கும் ‘அனுப்பப்பட்டார்கள்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் இலக்கணப் புத்தகத்தில் ஒரு வரி. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்களில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு வரி என்னவாக இருந்தது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதுவரை நம் தலைவர்கள் பேச்சில் உறவாக இருந்தவர்கள் ஒரே இரவில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். கொடுத்த கை மடங்கியது. கொடை என்பதால் மடங்க முடிந்தது.

இதெல்லாம் தவிர்க்க முடியாதது, இந்தியா 1951-ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, சட்டம் இல்லாத இடத்தில் கருணையைத் தவிர வேறு என்ன இருக்க முடியும் என்று ஒரு வாதம் உண்டு. கெட்டிக்கார வாதம். ஆனால் இந்த அரசுக்கு மனது வைத்தால் சட்டம் எழுதத் தெரியும். பிரிவினையில் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வீடு வாசலை விட்டு வந்தவர்களுக்காக 1954-இல் ஒரு சட்டமே போட்டார்கள். அதன் தலைப்பில் இரண்டு சொற்கள் இருந்தன: இழப்பீடு, மறுவாழ்வு. இழப்பீடு என்கிற சொல், ‘நீ எதையோ இழந்தாய், அதற்குக் கணக்கு உண்டு’ என்று ஒப்புக்கொள்கிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்த ஒப்புதல் கிடைக்கவில்லை. அவர்களில் பலரைத் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பினார்கள். உரிமைக்கும் நிவாரணத்துக்கும் உள்ள தூரம் அப்போதே தெரிந்துவிட்டது. உடன்படிக்கையில் கையெழுத்திடாத இதே இந்தியாதான் திபெத்தியர்களுக்கு 1960-களின் தொடக்கத்தில் மைசூர்ப் பக்கம் பைலகுப்பேயில் நிலம் கொடுத்துக் குடியேற்றியது. 2014-இல் அவர்களுக்கென்று எழுத்தில் ஒரு மறுவாழ்வுக் கொள்கையும் வகுத்தது. அவர்களுக்குக் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. கையெழுத்து இல்லை என்பது காரணம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஏன், ‘மறுவாழ்வு’ என்ற சொல்லே இந்த மாநிலத்தில் எப்படிப் பழக்கமாயிற்று? 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் உட்கார்ந்து மலையகத் தமிழர்களைப் பங்கு போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. சந்தையில் ஆட்டை எண்ணுகிறவன்கூடக் கொஞ்சம் தயங்கியிருப்பான். அப்படி வந்தவர்களுக்குக் காகிதத்தில் குடியுரிமை இருந்தது, கடன் இருந்தது, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்ட வேலை இருந்தது. காகிதம் இருந்தும் அவர்களில் சிலர் கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகக் கிடந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த மலையகத் தமிழர்களில் இன்னொரு பகுதியினர், இனக்கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்குப் போய், அங்கே போரில் அகப்பட்டு, படகேறி இங்கே வந்து முகாமில் இருக்கிறார்கள். இந்தியாவில் வேர் கொண்டவர்கள், இந்தியாவிலேயே அகதிகள். இவர்களில் 65 பேர் திருச்சி முகாம்களிலிருந்து குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், அவர்களுடைய விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. ஒரு பாட்டனின் ஊர்ப் பெயரை ஒப்பந்தம் நினைவில் வைத்திருக்கிறது, சட்டம் மறந்துவிடுகிறது.

சட்டம் எப்படி மறந்தது என்று பார்க்கலாம். 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தின்படி இந்த மண்ணில் பிறந்தவன் இந்தியன். பிறகு திருத்தம் வந்தது: 1987 ஜூலை 1-ஆம் தேதிக்குப் பின் பிறந்தவனுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி முகாம் ஏற்பட்டது 1990-இல். ஆகவே அந்த முகாமின் அறைகளில் அகதிகளுக்குப் பிறந்த எந்தக் குழந்தையும், இப்போது 35 வயதாகித் தனக்கும் குழந்தை பெற்றுவிட்ட அந்த முதல் குழந்தை உட்பட, பிறப்பால் இந்தியன் இல்லை. 2003 டிசம்பரில் நாடாளுமன்றம் இன்னொரு திருத்தம் செய்து ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று ஒரு பிராணியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன்படி 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால், மற்றவர் அசல் இந்தியராகவே இருந்தாலும், குடியுரிமை கிடையாது. முகாம் பெண் ஒருத்தி கும்மிடிப்பூண்டிக்காரனையே கல்யாணம் செய்துகொண்டாலும் இதே கதி. அதே 2003-இல் கொழும்பில், நாடற்றிருந்த மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். கொழும்பைப் புகழ எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் 1948-இல் அவர்கள் பூட்டிய கதவை அவர்கள் திறந்த வருஷத்தில் நாம் நம் கதவைப் பூட்டினோம்.

2019-இல் வந்த திருத்தம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மாநிலங்களவையில் அந்த மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்களில் தமிழ்நாட்டின் அ.இ.அ.தி.மு.க. உறுப்பினர்களும் இருந்தார்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்டு தங்கியிருக்கிற இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்க மாட்டார்கள். இதையும் கொண்டாடினார்கள். தண்டிக்க மாட்டேன் என்பது நல்ல சேதிதான். ஆனால் குற்றம் இருக்கிறது, மன்னித்திருக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். இதுவும் கொடைதான்.

இப்படிப்பட்ட உதவி எவ்வளவு ருசியானது என்பதற்கு ஒரு சாட்சியம். 2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து ஒரு படகு ஆஸ்திரேலியாவை நோக்கிப் போனது. 157 பேர். இலங்கைத் தமிழர்கள், அவர்களில் பலர் இங்கே முகாம்களில் வாழ்ந்தவர்கள். ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் அவர்களைக் கடலிலேயே மறித்து, வாரக்கணக்கில் கப்பலில் அடைத்து வைத்து, கடைசியில் நவுரு தீவுக்கு அனுப்பியது. இந்தியத் தூதரக அதிகாரிகளைச் சந்திக்க அவர்கள் மறுத்தார்கள். குண்டுக்குப் பயந்து கடல் தாண்டியவனைப் புரிந்துகொள்ளலாம். தாய்த் தமிழகம் என்று நாம் பாடுகிற இடத்திலிருந்து, அரிசியும் பணமும் தருகிற இடத்திலிருந்து, இந்துமகா சமுத்திரத்தில் ஓட்டைப் படகில் ஏறுகிறவனைப் புரிந்துகொள்ள நமக்கு வேறு இலக்கியம் வேண்டும்.

அந்த இலக்கியம் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது படிமம்.

இனி எழுதுவதற்கு நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. இந்த நாற்பது வருஷத்தில் நம் பத்திரிகைகளில் ‘அகதி’ என்ற சொல் எத்தனை கவிதைகளில் வந்திருக்கிறது என்று யாராவது பொறுமையிருந்தால் எண்ணிப் பார்க்கலாம். நகரத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவன் அகதி. காதலி கடிதம் போடாதவன் அகதி. ஆபீஸில் மேலதிகாரியோடு ஒத்துப்போகாதவன் அகதி. பாஷைக்குள் அகதி, உடம்புக்குள் அகதி, சொந்த வீட்டில் அகதி. இப்படி எழுதியவர்கள் எல்லோரும் கவிதையை முடித்துக்கொண்டு மாலை ரயிலில் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் யாரும் தலை எண்ணவில்லை. அந்நியமாதல் என்பது ஐரோப்பாவிலிருந்து நமக்கு வந்தபோது, அதற்கு உள்ளூரில் ஒரு சட்டை தைக்க வேண்டியிருந்தது. அதற்கான துணியை இன்னொருவன் உடம்பிலிருந்து உருவிக்கொண்டோம். படிமம் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு சொல்லைப் படிமமாக்குவதற்கு முன் அதன் நேர்ப்பொருளுக்கு வாடகை கொடுத்திருக்க வேண்டும். நாம் கொடுக்கவில்லை.

ஹன்னா அரெண்ட் நாஜிகளிடமிருந்து தப்பிப் பல வருஷங்கள் நாடற்றவராகத் திரிந்தவர். அகதியைப் பற்றி அவர் எழுதியதில் தனிமை, ஏக்கம், மண்வாசனை இவற்றைத் தேடினால் ஏமாற்றமாக இருக்கும். அவர் பேசுவது காகிதத்தைப் பற்றி, போலீஸைப் பற்றி, சட்டத்தைப் பற்றி. உரிமைகள் பறிபோவதற்கு முன் உரிமைகளைப் பெறுகிற உரிமையே பறிபோகிறது என்பது அவர் கண்டது. அனுபவித்தவருக்கு அது ஆத்மாவின் நிலைமையாகத் தெரியவில்லை. அலுவலகத்தின் நிலைமையாகத் தெரிந்தது. நமக்கு ஆத்மா சுலபமாக இருந்தது. தாலுகா ஆபீஸ் கஷ்டமாக இருந்தது.

அரசாங்கமும் நாமும் செய்தது ஒரே காரியம் என்று எனக்குப் படுகிறது. 2021 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, அந்த அறிவிப்புக்கு மறுநாள், அகதிகள் முகாம் இனி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கப்படும் என்றார்கள். நல்லெண்ணம்தான், அகதி என்று கூப்பிடப்பட்டுக் கூசியவர்கள் இதில் ஆறுதல் அடைந்திருக்கலாம். அவர்களுக்கு அந்த ஆறுதலை மறுக்க நான் யார்? ஆனால் அகதி என்ற சொல்லை அநாதை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் வந்த மாற்றம் இது. கதியற்றவன் என்பது அதன் வடமொழி வேர். ஏதிலி என்று தமிழாக்கினால் அந்நியன் என்ற வாடையும் சேர்ந்துகொள்ளும். உலகச் சட்டத்தில் அகதி என்ற சொல்லுக்கு இந்த இரண்டு அர்த்தமும் இல்லை. அங்கே அது ஓர் உரிமைக் கோரிக்கை: என்னைத் துரத்தியது இது, ஆகவே என்னைத் திருப்பி அனுப்பக் கூடாது, எனக்கு இன்னின்னது உண்டு. அந்தக் கோரிக்கையைக் கேட்காமலே, அது கேவலமான சொல் என்று நாகரிகமாக நீக்கிவிட்டார்கள். முகாம் என்ற சொல்லை நீக்கவில்லை. மறுவாழ்வு என்று பலகை எழுதி, அதற்குக் கீழே தணிக்கை நடக்கிறது.

ஆக, கும்மிடிப்பூண்டியில் இருக்கிற அதே மனிதனுக்குச் சென்னையில் பெயர் தொப்புள்கொடி உறவு. டெல்லியில் சட்டவிரோதக் குடியேறி. நம் கவிதையில் படிமம். மூன்றிலும் அவனுக்கு வாய் கிடையாது. தொப்புள்கொடி என்று மேடையில் முழங்குகிறவர்கள் பிரசவ அறையைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கொடியை அறுத்த பிறகுதான் பிள்ளை தனி ஆள். அதற்கப்புறம்தான் பெயர், பதிவேடு, சொத்து எல்லாம். அறுக்காமல் வைத்துக்கொண்டு உறவு உறவு என்பது பிள்ளையைப் பிறக்க விடாமல் வைத்திருப்பது.

அவர்களுக்கு வாய் இல்லாமல் இல்லை. 2007-இல் காலச்சுவடு வெளியீடாக தொ. பத்தினாதனின் ‘போரின் மறுபக்கம்’ வந்தது. தமிழ்நாட்டு முகாம் வாழ்க்கையை உள்ளே இருந்தவர் எழுதியது. ஈழத்துக் கவிதைக்குச் சிறப்பிதழ் போட்ட நம் பத்திரிகைகள் எத்தனை இந்தப் புத்தகத்தைப் பேசின? குண்டு விழுகிற இடத்திலிருந்து வருகிற கவிதை நமக்கு வேண்டியிருக்கிறது. அதில் நமக்குப் பொறுப்பு இல்லை, கொழும்பு பொறுப்பு. முகாமிலிருந்து வருகிற உரைநடை வேண்டியிருக்கவில்லை. அதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாம்.

மூன்று ஆட்சேபங்கள் வரும். வரிசையாகப் பார்த்துவிடலாம்.

போர் 2009-இல் முடிந்துவிட்டது, திரும்பிப் போகலாமே என்பது முதலாவது. போக விரும்புகிறவர்கள் போகட்டும், போய்க்கொண்டும் இருக்கிறார்கள். போவதற்கு வேண்டியதைச் செய்து கொடுப்பதும் உதவிதான். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இலங்கையைப் படத்தில் மட்டும் பார்த்தவனிடம் ‘திரும்பி’ என்ற வினையெச்சத்தைச் சொல்கிறவருக்குத் தமிழ் தெரியாது. எங்கிருந்து போனானோ அங்கேதான் திரும்ப முடியும். அவன் திரும்புகிற இடம் பெத்திக்குப்பம். இங்கே குடியுரிமை கொடுத்தால் அங்கே தமிழர் எண்ணிக்கை குறையும் என்று ஈழ அரசியல் பேசுகிற சிலர் சொல்வதும் இந்த வகைதான். இன்னொருவன் வாழ்க்கையைக் கணக்கில் ஓர் எண்ணாக வைத்திருக்கிற பழக்கம் சாஸ்திரியோடும் சிறிமாவோடும் போய்விடவில்லை.

குடியுரிமை மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் என்ன செய்யும் என்பது இரண்டாவது. சரி. ஆனால் தணிக்கை யார் கையில்? வாசலில் நிற்கிற போலீஸ் யாருடையது? புது வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டுப் பட்டாவைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிற வருவாய்த் துறை யாருடையது? மாநிலம் தன் கையில் இருப்பதை முதலில் விடட்டும். உண்மையில் மறுவாழ்வுத் துறையே அயலகத் தமிழர் நலத்தையும் பார்த்துக்கொள்கிறது. வெளிநாட்டுக்குப் போய்ப் பணம் சம்பாதித்தவர்களுக்கு வருஷாவருஷம் ஜனவரி 12-ஆம் தேதி விழா எடுக்கிறார்கள். கடல் தாண்டிப் போன தமிழனுக்கு மாலையும் கடல் தாண்டி வந்த தமிழனுக்குத் தலையெண்ணலும் ஒரே துறையின் கோப்புகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. துறைக்குச் சங்கடம் இல்லை. நமக்காவது இருக்க வேண்டாமா?

மூன்றாவது, நம்முடையது. இலக்கியம் மனு எழுதுவதற்கு இல்லை, பிரசாரம் கலையைக் கொல்லும் என்று சொல்வோம். இந்த வாதத்தில் நான் மற்ற எல்லோரையும்விடத் தீவிரமானவன். முகாமைப் பற்றிக் கண்ணீர்க் கதை எழுதுங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. எழுதாமல் இருந்தால் நன்றி சொல்வேன். 1959-இல் ‘எழுத்து’ தொடங்கியதிலிருந்து நமக்கும் பெரும் பத்திரிகைகளுக்கும் என்ன சண்டை? அவர்கள் சொல்லைப் பொய்யாகப் பயன்படுத்துகிறார்கள், அனுபவம் இல்லாத இடத்தில் சொல்லை வைத்து நிரப்புகிறார்கள் என்பதுதானே? அந்த அளவுகோலை நம் மேல் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். நேர்ப்பொருள் ரயில் தூரத்தில் உயிரோடு இருக்கிற ஒரு சொல்லை, அதைப் போய்ப் பார்க்காமலே ஆகுபெயராக்கியது இலக்கியக் குற்றம். அரசியல் குற்றம் என்று நான் சொல்லவே இல்லை.

உதவி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், அதற்குச் சரியான பெயர் வேண்டும். வீடிழந்து வந்தவனுக்கு அரசு தருவது, அவன் இங்கே ஆளாக இருக்கிறான் என்பதால் அவனுக்குச் சேர வேண்டியது. கேட்டுப் பெறக் கூடியதாகவும், மறுத்தால் வழக்குப் போடக் கூடியதாகவும் அது எழுதப்பட வேண்டும். அகதிக்கு ஒரு சட்டம் வேண்டும். இங்கே பிறந்தவனுக்குக் குடியுரிமையும், போக விரும்புகிறவனுக்கு வழிச்செலவும், இரண்டில் எதை எடுப்பது என்ற முடிவு அவனிடமும் இருக்க வேண்டும். இது கிடைக்கும் வரை மாதம் 1,500 ரூபாயை 3,000 ஆக்கினாலும், ஓட்டுக் கூரையைக் கான்கிரீட்டாக மாற்றினாலும் அதன் பெயர் காத்திருக்க வைப்பதற்கான கூலி. வேண்டுமானால் ‘காத்திருப்புப் படி’ என்று அரசாணையில் எழுதிக்கொள்ளட்டும். பஞ்சப்படி, பயணப்படி மாதிரி. குறைந்தபட்சம் அது உண்மையாக இருக்கும்.

கொடை என்ற சொல்லை நமக்குத் திருப்பிக் கொடுத்துவிடட்டும். ‘அகதி’ என்ற சொல்லை நாம் அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதை வைத்துக்கொள்வதா, எறிந்துவிடுவதா என்பதைக் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறவர்கள் முடிவு செய்வார்கள். இந்த இதழுக்கு அடுத்த முறை அந்தச் சொல்லை வைத்துக் கவிதை அனுப்புகிற நண்பர், அனுப்புவதற்கு முன்னால் சென்ட்ரலில் டிக்கெட் எடுத்து ஒரு நாள் அந்தப் பக்கம் போய்விட்டு வரட்டும். போய் வந்த பிறகும் அந்தக் கவிதையை எழுத முடிந்தால் அனுப்பட்டும், படிக்கிறோம்.